குகதாசன் வீட்டு முற்றத்தில் ஒரு டாங்கி

கேளுங்கள் கண்ணுகளா, தவமலர், குகதாசன் வீட்டு முற்றத்தில் ஒரு றப்பர் யுத்த டாங்கியை விரித்துக் காற்றடிக்கத் தொடங்கினாள்.

செலவைக் குறைக்கவென்று அவர்கள் குடியேறியிருந்த ஐரோப்பிய நாடு நிஜ டாங்கிகளை விற்றுவிட்டு, எதிரியை ஏமாற்ற இந்தப் பொய் டாங்கிகளை ஊரெங்கும் நிறுத்தியிருந்தது. யோசனை, பாதுகாப்பு அமைச்சில் பெரிய அதிகாரியான குகதாசனுடையது. போன மாதம் ஒன்று தவமலரின் அடுக்குமாடிக்குப் பின்னால் நின்றது. எதிரி ஏமாந்துதான் போனான். அதை நிஜமென்று நம்பி அவன் போட்ட குண்டில் அவள் புருஷன் போய்விட்டார். செத்தவீட்டுக்கு வந்த குகதாசன், "பயப்பிடாதேங்கோ அக்கா, திட்டம் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு, டாங்கி நிறுத்த இடம் பார்க்கும் ஆட்களையும் அவனே வேலையால் நிறுத்தினான். தவமலரைப் போல டாங்கிக்குக் காற்றடிக்கிற வேலையாட்களே இடத்தையும் தெரிவுசெய்யலாம் என்று கையெழுத்தும் போட்டான்.

இப்போது செருப்பில்லாமல் பனிக்குள் ஓடிவந்தான்.

"விசரே அக்கா உங்களுக்கு? உள்ளுக்கை பிள்ளையள் இருக்கினம். வேறை எங்கையாவது வையுங்கோ!"

"வேறை எங்கை? ஆரின்ரை வீட்டுக்குப் பின்னாலை? பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடு. எங்களுக்கு அதைச் சொல்லவும் ஒருத்தரும் வரேல்லை."

வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு எஞ்சின் சூடாகத் தெரியவேண்டுமென்று டாங்கியின் வயிற்றில் ஒரு சூடாக்கி உண்டு. தவமலர் அதை முழுதாகத் திருகிவிட்டாள்.

"பயப்பிடாதை தம்பி, வேலை செய்யும்."