இடக்கைக் கோடுகள்

காலையில் ஆய்வுக்கூடத்தைத் திறக்க வந்தவளை, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் அப்பா வாசலிலேயே மறித்தார், பாவம். "எந்தக் கிருமின்னு தெரிஞ்சுதாம்மா? புள்ள கண்ணே தெறக்கல. எந்த மருந்து குடுக்கறதுன்னு டாக்டர் உங்க பதிலுக்குத்தான் காத்திருக்கார்."

"இதோ, பாத்துட்டுச் சொல்றேண்ணா. உட்காருங்க."

இன்குபேட்டரைத் திறந்து, நேற்று பிள்ளையின் மலத்தைக் கம்பியால் தொட்டுக் கோடுகோடாக இழுத்து, கிருமி வளர வைத்த தட்டை எடுத்தாள். எல்லார் குடலிலும் இருக்கும் சாதுக் கிருமிகளே இளஞ்சிவப்பாக அப்பிக் கிடந்தன. நோய்க்கிருமி இருந்தாலும் பிரித்தெடுக்க வழியில்லை. "உன் தட்டு நெரிசல் பஸ்ஸுடி, ஒருத்தரையும் தனியா இறக்கிவிடாது" என்று கூட வேலை பார்த்த பெரியக்கா கேலி செய்வாள்.

அதற்குப் பின்னால் இன்னொரு தட்டு இருந்தது. அதிலும் அதே பிள்ளையின் எண். கோடுகள் வலமிருந்து இடமாக ஓடின. கடைசிக் கோட்டில் சிவப்பேறாத நோய்க்கிருமிப் பொட்டுகள் தனித்தனியாகத் தள்ளித்தள்ளி நின்றன. அந்த அறையில் இடக்கைக்காரி பெரியக்கா ஒருத்திதான். அவளைப் போன மழைக்காலத்தில் அடக்கம் செய்தாயிற்று.

ஒரு பொட்டை எடுத்து, டைபாய்டு கிருமி பட்டால் மட்டும் திரளும் சீரத் துளியில் கலந்தாள். மணல்மணலாகத் திரண்டது. டைபாய்டு. உடனே டாக்டருக்குப் போன் போட்டாள்.

மறுநாள் அப்பா ஓடிவந்தார். "கண்ணத் தெறந்துட்டாம்மா! தண்ணி கேட்டான்!"

அவள் உள்ளே போய் ஆளில்லாத அறையைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, புள்ள பொழச்சுக்கிட்டான்."

அன்று யாரும் பற்றவைக்காத பர்னரின் இடப்பக்கம், கோடிழுக்குமுன் தீயில் சுடும் கம்பி செக்கச்சிவந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்ல ஆறியது.