தகரக் கொட்டகையில் விழுந்த கதை

குளத்துக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே, வெளியூர்ப் பறவைகள் வழியில் பார்த்ததை உள்ளூர்த் தவளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். அது அங்கே வழக்கம். முதலில் கூட்டத்தின் தலைவரான நாரை பனிமலையின் பெருமையை நீட்டி முழக்கியது. தவளைகள் கொட்டாவி விட்டன. சின்னவர்கள் பேச்சை நாரை கேட்பதில்லை. தன் பேச்சு முடிந்ததும் எழுந்து போய்விட்டது.

அடுத்து உள்ளான் குருவி வாயைத் திறந்தது.

"ஒரு தகரக் கொட்டகையைக் குளம்னு நெனச்சு இறங்கிட்டேன். வெயில்ல அப்படியே தண்ணி மாதிரி மினுங்குச்சு. காலை வச்சதும் சுர்ருன்னு சுட்டுது. துள்ளுனேன், வழுக்குனேன், கீழ காய்ஞ்ச மிளகா வத்தல் மேல போய் விழுந்தேன். மிச்ச வழி பூரா தும்மிக்கிட்டேதான் வந்தேன்."

தவளைகள் சிரித்துப் புரண்டன. "இன்னொரு தடவை சொல்லு!" என்று கத்தின.

சத்தம் கேட்டு நாரை திரும்பி வந்தது. உள்ளான் எங்கோ விழுந்த கதை என்பது மட்டும்தான் அதன் காதில் பட்டது. "ஏலே, விழுந்த கதையைச் சொல்லி நம்ம மானத்தை வாங்குதியா? இனி மலையைப் பத்தி மட்டும்தான் பேசணும். இல்லேன்னா கூட்டத்துல உனக்கு இடமில்லை."

"மலையையும் பார்த்தேன் அண்ணாச்சி. அங்கேயும் வழுக்கித்தான் விழுந்தேன். அதையும் சொல்லத்தான் போறேன்."

"அப்ப நீ தனியாவே வா."

ஊர் திரும்பும் நாளில் உள்ளான் தனியாகத்தான் பறந்தது. முன்னால் போன நாரைக்கு உச்சிவெயிலில் தாகமெடுத்தது. கீழே பளபளத்த குளத்தைக் கண்டு கம்பீரமாக இறங்கியது. தடாலென்று ஒரு சத்தம். அப்புறம் தும்மல் மேல் தும்மல்.

உள்ளான் மேலே வட்டமடித்தபடி கேட்டது:

"அண்ணாச்சி, அடுத்த வருஷம் இதை நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?"