பிரேக் மட்டும் வீட்டில்

"சீட்டு கிழிஞ்சா ஒர்க்ஷாப். வைப்பர் ஆடலைன்னா ஒர்க்ஷாப். கதவுல கிரீச்சுனு சத்தம் வந்தா அதுக்கும் ஒர்க்ஷாப். பிரேக்குக்கு மட்டும் நீங்களே! இது எந்த ஊரு நியாயங்க?"

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தபடியே கேட்டாள் மனைவி.

"மிதிச்சுப் பிடி" என்றார் கணவர். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார்.

வயதான ஜீப் அது. கணவர் சர்வேயர். பாறை, ஓடை, சேறு என்று ரோடே இல்லாத இடமெல்லாம் அதில்தான் போவார். குன்றின் மேலே வீடு, கீழே பள்ளிக்கூடம். மனைவி அங்கே டீச்சர், மகள் அங்கே படிக்கிறாள். தினமும் இருவரையும் இறக்கிவிடுவதும் அந்த ஜீப்தான். வழி நெடுகச் செங்குத்தான இறக்கம்.

இப்போது நடப்பது பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்கிற வேலை. மேலே ஒருவர் மிதிக்க வேண்டும், கீழே ஒருவர் நட்டைத் திறந்து மூட வேண்டும். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து செய்யவே கூடாத வேலை.

"விடு. மறுபடி மிதி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"பிரேக்கை நான் பார்த்துக்கறேன். உனக்கென்ன?"

"எனக்கென்னவா? அந்த இறக்கத்துல உங்ககூட வர்றது நானும் நம்ம பொண்ணும். ஊரு உலகத்துல எல்லாரும் சில்லறை வேலையை வீட்ல பார்த்துட்டு, உயிர் போற வேலையை மெக்கானிக்கிட்ட விடுவாங்க. நீங்க அப்படியே தலைகீழ். எல்லாம் எனக்குத் தெரியும்ங்கிற வீம்பு. வேற என்ன?"

அவர் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, இறக்கத்தில் தனியாக ஒரு தடவை போய்வந்தார். தான் ஓட்டிப் பார்க்காமல் மனைவியையும் மகளையும் ஏற்றவே மாட்டார். அவளுக்கு அதுவும் வீம்பாகத்தான் பட்டது.

சனிக்கிழமை காலை ஹாரன் அடிக்கவில்லை.

"ஒர்க்ஷாப் வரைக்கும் போயிட்டு வர்றேன்."

"நானும் வர்றேன்" என்று ஏறிக்கொண்டாள். மெக்கானிக் அண்ணனிடமே நேரில் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

கணவர் வண்டியை விட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போன சமயம் பார்த்து ஆரம்பித்தாள்.

"அண்ணே, நீங்களாவது இவருக்குச் சொல்லக் கூடாதா? பிரேக்கை உங்ககிட்ட விடவே மாட்டேங்கிறார்."

மெக்கானிக் சிரித்தார். "எல்லாம் எங்கிட்ட கத்துக்கிட்டதுதானேம்மா? பண்ணட்டும். தொழில் தெரிஞ்சவரு."

பேசிக்கொண்டே ஹாரனைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரைத் திருகில் வைத்தார். வழுக்கியது. மறுபடி வைத்தார். மறுபடியும் வழுக்கியது. வலது கை விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திருகினார்.

அவள் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"காலையில குளிரு கொஞ்சம் ஜாஸ்திம்மா" என்றார்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து, மெக்கானிக் கை கழுவ உள்ளே போனார். கணவர் திரும்பி வந்ததும் அவரைக் கேட் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னங்க, அவரு கை..."

"தெரியும்" என்றார் தணிந்த குரலில். "போன வருஷம் பிரேக் பார்த்துக் குடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தா ஒரு நட்டை முடுக்கவே இல்லை. அவர்கிட்ட சொன்னா மனுஷன் நொறுங்கிப் போயிடுவார். வெளியில தெரிஞ்சா இங்க ஒரு வண்டி வராது. இந்த ஒர்க்ஷாப்பை விட்டா அவருக்கு யாரு இருக்கா?"

"அதனாலதான்..."

"அதனாலதான், தப்பாப் போனாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாத வேலையாப் பார்த்து அவருக்குக் கொண்டு வர்றேன். இன்னிக்கு ஹாரன் ஒயரைப் பிடுங்கிவிட்டதே நான்தான்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படிப்பட்ட மனுஷனையா வாய்க்கு வந்தபடி பேசினோம் என்று கூசிப்போனாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. இந்த மனசு யாருக்குங்க வரும்?"

அப்போது கேட்டுக்குள் ஒரு வேன் நுழைந்தது. அவளுடைய பள்ளிக்கூடத்து வேன்தான். டிரைவர் இறங்கி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணே, பிரேக் சரியாப் பிடிக்க மாட்டேங்குது. திங்கட்கிழமை பிள்ளைங்களை ஏத்தணும். பார்த்துக் குடுத்திடுங்க."

"விட்டுட்டுப் போப்பா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜீப்பில் ஏறிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏறு. நேரமாச்சு."

அவள் ஏறவில்லை. "சொல்லுங்க" என்றாள்.

"எப்படிடீ சொல்றது? உள்ள அண்ணன் கேட்டுக்கிட்டு இருக்கார்."

"அந்த வேன்ல வர்றதும் பிள்ளைங்கதாங்க."

அவர் சாவியைப் போட்டார். அதற்குள் வேன் டிரைவரே அவரைப் பார்த்துவிட்டு, மரியாதையாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"முதல்ல வேற ஒர்க்ஷாப்புல விடலாம்னுதான் சார் இருந்தேன். உங்க ஜீப் வாரம் தவறாம இங்க நிக்கறதைப் பார்த்தேன். நீங்களே நம்புற கைன்னா பிள்ளைங்களுக்குப் பயமில்லைன்னு இங்கயே கொண்டுவந்துட்டேன்."