விலை இறங்கிய சிவப்புக் கார்

ஒரு கொட்டகையில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று, இரண்டே பேர் உட்காரும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மற்றது புது வெள்ளைக் கார். நாளைக்கு விற்றால் நல்ல விலை போகட்டும் என்று, அதன் சீட்டுகளில் சுற்றிவந்த பிளாஸ்டிக்கைக்கூட உரிமையாளர் செல்வின் இன்னும் பிரிக்கவில்லை.

ஒருநாள் கார் புரோக்கர் வந்தார். சிவப்புக் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதை வாங்க இனி ஆள் வராது சார்."

அவர் போனதும், "உன் கதை முடிஞ்சுது" என்றது வெள்ளைக் கார்.

பதினேழு வருஷமாக, விலை குறையக் கூடாது என்று, சிவப்புக் காரைத் துடைத்துத் துடைத்து மூடியேதான் வைத்திருந்தார் செல்வின். மழை ஆகாது, வெயில் ஆகாது, மண்ரோடு ஆகவே ஆகாது.

அன்று மாலை தூறல் விழுந்தது. 'இனி யாருக்காகப் பொத்தி வைக்கணும்?' என்று நினைத்தார் செல்வின். பிறகு உறையை உருவி எறிந்தார். காரின் கூரையை மடக்கிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"பெனடிக்டா, வா, கடல் வரைக்கும் போவோம்."

"வண்டி நனைஞ்சிடுமே?"

"நனையட்டும்!"

அவர்கள் திரும்பியபோது சீட்டெல்லாம் ஈரமணல். ஸ்டியரிங் அடியில் ஒரு புன்னைப் பூ. சூடான பானெட்டில் விழுந்த மழை ஆவியாக எழுந்து, கொட்டகையே மேகத்தில் மிதந்தது.

"கடல் எப்படி இருக்கும்?" என்று கேட்டது வெள்ளைக் கார்.

"அலை வந்து டயரைத் தொட்டுச்சு" என்றது சிவப்புக் கார், பாதித் தூக்கத்தில்.

வெள்ளைக் கார் மெதுவாகக் கேட்டது:

"என் விலை எப்போ இறங்கும்?"