மோகனப்பிரியாவின் வாக்குமூலம்

காசியம்மாள் நண்டு வியாபாரத்தை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது மணி பத்து. செல்போனில் வீடியோ அழைப்பு வந்தது. விரலால் தொட்டதும் திரை முழுக்க ஒரு போலீஸ் அதிகாரி.

"நான் ஹரிஹரன், ஐ.பி.எஸ். மும்பையிலேர்ந்து பேசறேன். உங்க பேர்ல போன பார்சல்ல போதைப்பொருள் சிக்கியிருக்கு. இந்த நிமிஷத்துலேர்ந்து நீங்க டிஜிட்டல் அரெஸ்ட். கேமராவை விட்டு நகரக் கூடாது. கதவைச் சாத்துங்க."

காசியம்மாள் கதவைச் சாத்தினாள். முகத்தை முந்தானையால் துடைத்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து அதன் முன்னால் நேராக உட்கார்ந்தாள். ஐம்பத்து நாலு வயது. தனி ஆள். தம்பி மகனுக்குப் படகு வாங்கித் தர பழவேற்காட்டு வங்கியில் போட்டு வைத்திருந்ததுதான் அவளுடைய மொத்தச் சொத்து.

"சார், நான் பார்சலே அனுப்புனதில்ல சார்." குரல் நடுங்கியது.

"அது விசாரணையில தெரியும். தொழில் என்ன?"

"இப்ப நண்டு யாவாரம். அதுக்கு முன்ன சினிமா நடிகை. மோகனப்பிரியா."

"கேள்விப்பட்டதே இல்லையே!"

"யாருமே கேள்விப்பட்டதில்ல சார்."

அதிகாரி முறைத்தார். "ஒண்ணை மறைச்சாலும் ஏழு வருஷம் உள்ள. ஆரம்பத்துலேர்ந்து எல்லாத்தையும் சொல்லணும்."

காசியம்மாள் சொல்ல ஆரம்பித்தாள்.

"மொதல்ல காலண்டர் சார். டயர் கம்பெனி காலண்டர். பன்னண்டு மாசத்துக்கும் நான்தான், பன்னண்டுலயும் ஈரப் புடவைதான். மார்கழிக்காவது காஞ்ச புடவை குடுங்கன்னேன். கேக்கல. ஜுரம் வந்து படுத்தேன். ஆனா லாரி, சலூன், மெக்கானிக் ஷெட்டு, எங்க பாத்தாலும் நான்தான். மூஞ்சி மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்ல."

"அப்புறம்?"

"காலண்டரைப் பாத்து ஒரு புரொடியூசர் சினிமாவுக்குக் கூப்ட்டாரு. மொத்தம் பதினோரு படம். ஒம்போதுல செத்துட்டேன்."

"செத்துட்டியா?"

"இடைவேளைக்கு முன்னாடியே! ரெண்டுல கழுத்தை நெரிச்சாங்க. மூணுல கத்தி. ஒண்ணுல பாம்பு. மிச்சம் மூணுல குளிக்கறப்போ யாரோ வந்து கொன்னுட்டாங்க. யாருன்னு எனக்கே தெரியாது, கிளைமாக்ஸ் வரைக்கும் என்னை இருக்க வுட்டாத்தானே!"

"மீதி ரெண்டு படம்?"

"ரிலீஸே ஆவல சார்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று இருமி மறைத்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "வங்கி விவரத்தைச் சொல்லு" என்றார்.

"சொல்றேன் சார். எதையும் மறைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த ரிலீஸ் ஆவாத பேய்ப்படத்தைச் சொல்லிட்டு அதுக்கு வர்றேன்."

பேய்ப்படத்தைப் பழவேற்காட்டு ஏரியிலேயே எடுத்தார்களாம். மீனவப் பெண் ஏரியில் மூழ்கிச் சாக வேண்டும். ஏரியில் தண்ணீர் முழங்கால் அளவுதான். எட்டு முறை மூழ்கியும் சாக முடியவில்லை. கரையில் நின்ற கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

"அந்தக் கூட்டத்துல எங்க நைனாவும் நின்னாரு. என்னைப் பாத்தாரு. வலையைத் தோள்ல போட்டுக்கினு ஒண்ணும் சொல்லாம நடந்து பூட்டாரு. அதுக்கப்புறம் சாவற வரைக்கும் எங்கிட்ட பேசவே இல்ல."

 காசியம்மாளின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"அப்புறம்?" என்றார் அதிகாரி மெதுவாக.

ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கப் போயிருந்த தம்பி மனைவி ஜமுனா, நண்பகலில் திரும்பி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். போனில் போலீஸ். எதிரே அழுதபடி நாத்தனார். "இன்னா அக்கா?" என்று வாயசைத்தாள். காசியம்மாள் கண்ணாலேயே அவளை விரட்டினாள். ஜமுனா இடுப்பில் கட்டியிருந்த இறால் கூடையான பறியைக்கூட அவிழ்க்காமல் காவல் நிலையத்துக்கு ஓடினாள்.

ஒரு மணி ஆயிற்று. பதினோராவது படமும் முடிந்தது.

"இப்ப அக்கவுண்ட் நம்பர்!" அதிகாரி தொப்பியை மாட்டிக்கொண்டார்.

காசியம்மாள் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். கடைசி எண்ணைச் சொல்லி முடிக்கவும் கதவு படாரென்று திறக்கவும் சரியாக இருந்தது. பழவேற்காடு எஸ்.ஐ. லோகேஷ் பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினார். திரை அணைந்து போயிருந்தது.

"அம்மா, அவன் டுபாக்கூர் போலீஸ்! நம்பர் குடுத்துட்டீங்களா?"

"குடுத்தேனே. கேஸ் சிலிண்டர் புக்குல இருக்குற நம்பரு."

ஜமுனா வாயைப் பிளந்தாள். லோகேஷ் திகைத்தார். "அப்போ, அவன் போலின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நிமிசமே தெரியும். காலர் ஓரத்துல டிரஸ் வாடகைக் கம்பெனி நம்பர் தச்சிருக்கு. சினிமாவுல எத்தினி இன்ஸ்பெக்டரைப் பாத்திருக்கேன்!"

லோகேஷுக்கு மரியாதை பொங்கியது. "பிரமாதம்மா! நாங்க வர்ற வரைக்கும் மூணு மணி நேரம் அவனைப் பேச்சுலயே பிடிச்சு வெச்சிருக்கீங்களே!"

காசியம்மாள் அணைந்துபோன போனை ஏக்கத்தோடு பார்த்தாள்.

"அதுக்கில்ல சார்... என் சினிமாக் கதையைப் பாதியில எழுந்து போவாம கேட்ட ஒரே ஆளு அவன்தான். அவனையும் தொரத்தி வுட்டுட்டீங்களே!"