மேலே ஆள் உள்ளவன்

சுருளி லீவில் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் ராக்கு அன்று ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பில் ஏறவில்லை.

"எனக்கு ஒரு சோலி இருக்கு. நீங்க போங்க" என்று கூட வரும் பெண்களை மலைக்கு அனுப்பிவிட்டு, ராசிங்காபுரம் பஸ்சைப் பிடித்தாள். என்ன சோலி என்று யாரும் கேட்கவில்லை. போடியில் அவள் தெருவுக்கே அது தெரியும்.

அவள் மகன் முனீஸ்வரன் பட்டாளத்தில் சேர்ந்து பயிற்சியில் இருக்கிறான். பயிற்சி முடிந்து நடக்கும் அணிவகுப்பைப் பார்க்க ராக்கு ரயில் டிக்கெட் எடுத்து, புதுச்சேலையும் எடுத்து வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. அவனை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டார்களாம். அடுத்த பேட்ச்சோடு சேர்ந்து மறுபடியும் பயிற்சி எடுக்க வேண்டுமாம்.

நிறுத்தி வைத்த ஹவில்தார் வேறு யாருமில்லை, இந்தச் சுருளிதான். நம்ம பக்கத்து ஆள் அங்கே இருக்கிறான் என்று இத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கியதை நினைக்க அவளுக்கு எரிச்சலாக வந்தது.

முனீஸ்வரன் செய்த குற்றம் இதுதான். முதுகில் பாரத்தோடு மலையேற வேண்டிய பரீட்சை. கூட்டாளி ஒருவனுக்குத் தெம்பு போதாது. அவன் பையிலிருந்த மணல் மூட்டையை யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேர் பாரத்தையும் ஒருவனாகச் சுமந்து ஏறியிருக்கிறான். மேலே போனதும் சுருளி பைகளைத் திறக்கச் சொல்லிவிட்டான்.

கூப்பிட்டு மெடல் குத்த வேண்டிய காரியத்துக்குத் தண்டனை கொடுத்தால் எந்தத் தாய்தான் பொறுப்பாள்? சுருளி ஒரு போன் போட்டு, முனீஸ்வரனையும் அந்த அணிவகுப்பில் நிற்க வைக்காமல் அவன் வீட்டுப் படியை விட்டு இறங்குவதில்லை என்று ராக்கு பஸ்சிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

சுருளி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. பால் தீய்ந்த வாடை வாசல்வரை வந்தது. கையில் கரித்துணியோடு அடுப்படியிலிருந்து அவனே வந்தான்.

"வாங்கக்கா. காப்பி போடுறேன்."

"காப்பி குடிக்க வரலை. தமிழ்செல்வி எங்க?" அவன் பெண்டாட்டி பக்கத்தில் இருந்தால் பிள்ளை பெற்றவளுக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று ராக்கு ஒரு கணக்குப் போட்டிருந்தாள்.

"தேவாரத்துல அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

புருஷன் லீவில் வந்திருக்கும்போது அம்மா வீட்டில் என்ன வேலை என்று ராக்குவுக்குத் தோன்றியது. ஆனால் அதைக் கேட்கவா வந்தாள்?

"தோட்டத்துல நாங்க வரிசையாக் குனிஞ்சு காய் எடுக்கறோம் அப்பு. ஒருத்திக்குக் காய்ச்சல்னா, பக்கத்து வரிசைக்காரி ரெண்டு கை அள்ளி அவ பையில போடுவா. சாயங்காலம் அவளுக்கு எடை குறையாது. கங்காணிக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துக்கிடுவாரு. இதையெல்லாம் கேட்டு வளந்த பய அவன். உதவி செஞ்சதுக்கா தண்டனை?"

"உதவிதான்க்கா. நான் இல்லைங்கல." சுருளி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். "தோட்டத்துல எடை குறைஞ்சா கூலிதான் குறையும். எல்லையில ஒருத்தன் மூச்சு வாங்கி விழுந்தா, அவனைத் தூக்க நாலு பேர் வேணும். அந்த நாலு பேர் கையிலயும் அப்போ துப்பாக்கி இருக்காது. அதுல ஒருத்தன் முனீஸ்வரனா இருப்பான்."

ராக்குவுக்குக் கோபம் இன்னும் கூடியது.

முனீஸ்வரனையும் ஊருக்கு அனுப்பிவிடத்தான் மேலே பேச்சு இருந்தது என்றும், நல்ல பையன், இன்னொரு தடவை பயிற்சி எடுக்கட்டும் என்று தான்தான் மன்றாடிக் கேட்டு வாங்கியதாகவும் சுருளி சொன்னான். அது அவள் காதில் ஏறவே இல்லை.

"எம்புள்ளய நிறுத்திட்ட. சரி. அந்தக் கூட்டாளிப் பய என்ன ஆனான்? அவனும் நம்ம பக்கத்துப் பயதான்னு முனீஸ்வரன் சொன்னான். அவன் மட்டும் தப்பிச்சிருப்பான். அவனுக்கு மேல ஆள் இருக்கும். எனக்கு யாரு இருக்கா?"

சுருளி கரித்துணியை மடித்துத் தரையில் வைத்தான்.

"அவன் ஏற்கெனவே ரெண்டு தடவை தோத்தவன்க்கா. மூணாவது தடவையும் தோத்தா வீட்டுக்குத்தான். அனுப்பியாச்சு. நான் அந்தப் பையைத் திறக்காம இருந்திருந்தா பாஸாகியிருப்பான்."

"மேல ஆள் இருந்துமா அனுப்பினாங்க?"

"ஆள் இருந்தது நிசந்தான். அங்க யாருகிட்டயும் உறவு சொல்லக் கூடாதுன்னு அவன்கிட்டச் சொல்லி வச்சிருந்தேன்." சுருளியின் குரல் இறங்கியது. "அவன் என் மச்சினன்க்கா. தமிழ்செல்விக்கு ஒரே தம்பி."

ராக்கு அடுப்படிப் பக்கம் பார்த்தாள். கரி பிடித்த பால்சட்டி, கழுவாத தட்டு, காலியாகக் கிடந்த துணிக்கொடி.

எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

"தேவாரம் பஸ்சு எங்க நிக்கும் அப்பு?"

"எதுக்குக்கா? நீங்க வந்த சோலி..."

"இப்போ இதுதான் சோலி. தமிழ்செல்வியக் கூட்டிட்டு வர்றேன். நீ பாலை மட்டும் தீய விடாமப் பாத்துக்க."