நாமம் போட்டவர்

"பாய், இது எங்காத்துக்காரர் நாமம் இல்லை."

ரமாமணி மாமி, பிரேம் போட்ட படத்தை ஸ்டூடியோ மேசை மேல் திருப்பி வைத்தார். ஸ்டூடியோக்காரர் கலீமுல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். படத்துக்குள் காபித்தூள் கடை ஸௌந்தரராஜன், தான் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது என்ற கவலையே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பளிச்சென்று தென்கலை நாமம்.

வடகலை நாமம் புருவங்களுக்கு நடுவே வளைந்து நின்றுவிடும். தென்கலை நாமம் அதோடு நிற்காமல் மூக்கின் மேல் ஒரு பாதம் வைக்கும். வித்தியாசம் அரை அங்குலம்தான். அந்த அரை அங்குலத்தைத் தாண்ட முடியாமல் சின்ன காஞ்சிபுரத்தில் சில கல்யாணங்கள் நின்றுபோயிருக்கின்றன.

கலீமுல்லாவின் முகம் வெளிறியது.

"கம்ப்யூட்டர்ல ரெண்டு நாமமும் ரெடியா இருக்குது மாமி. மாத்தி கிளிக் பண்ணிட்டேன் போல."

"முப்பது வருஷமா எதிர்க்கடை. தினம் அந்த நெத்தியைப் பார்த்துண்டே இருந்தவர் நீங்கோ. நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"தப்புதான் மாமி. வயசாவுதுல்ல."

"நாளைக்கு வருஷ திவசம். பொண்ணு ஸௌம்யா, மாப்பிள்ளை, சொந்தக்காரா எல்லாரும் வருவா. அத்தனை பேர் முன்னாடி அவர் அவராவே இருக்கணும் பாய். எனக்கு அதுதான் வேணும்."

"இருப்பாரு மாமி. செத்த உக்காருங்க. இருபது நிமிஷம்."

மாமி நாற்காலியில் உட்கார்ந்தார். மதிய நேரம். தெருவே பாதித் தூக்கத்தில் இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் பழைய கல்யாண ஜோடிகள் வெயிலில் வெளுத்து, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். எதிரே காபித்தூள் கடையில் வேலைக்காரப் பையன் கொட்டை வறுக்கும் வாசனை, கூப்பிடாமலே உள்ளே வந்தது.

மாமி மடியில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டார்.

"இந்தச் சட்டை ஏது? நீலத்துல அவர்கிட்டச் சட்டையே கிடையாது."

"கம்ப்யூட்டர் சட்டை மாமி."

"சிரிக்கறாரே."

"உதட்ட லேசா இழுத்து வுட்டேன். நல்லாருக்குமேன்னு."

மாமி கண்ணாடி மேல் விரலை ஓட்டினார். "நன்னாத்தான் இருக்கு. இந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு!"

கலீமுல்லா கம்ப்யூட்டரைப் பார்த்தபடி மௌஸை உருட்டினார். திரையில் எதுவும் அசையவில்லை.

"சாமி மாதிரி ஆள் கிடைக்காது மாமி" என்றார். "நோன்பு மாசம் முப்பது நாளும் விடியறதுக்கு முன்னாடியே வறுத்து முடிச்சுடுவாரு. ஏன் சாமின்னு கேட்டா, 'நீ பட்டினி கிடக்கறப்போ உன் மூக்குக்குக் காபி கொடுத்தா எனக்குத்தான்யா பாவம்'னுவாரு."

"ஆத்துலயும் அப்படித்தான். ஸௌம்யா பரீட்சை எழுதறச்சே ஃபிளாஸ்க்கைத் தூக்கிண்டு பள்ளிக்கூட வாசல்ல நிப்பார். எழுதறது அவளா இவரான்னு வாட்ச்மேனுக்கே சந்தேகம் வந்துடும். எனக்கு முதுகு வலின்னா அன்னிக்குத் தோசை அவர்தான் வார்ப்பார். வட்டமா வராது. ஆனா வருத்தப்படாம வார்ப்பார்."

"கடையிலயும் யார்கிட்டயும் கோச்சுக்க மாட்டாரு."

"சிக்கரி அதிகமாக் கேட்டா மட்டும் கோச்சுப்பார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமியின் பார்வை எதிர்க்கடைக்குப் போனது. வறுக்கும் புகை மெல்ல எழுந்து, பெயர்ப்பலகையில் இருந்த 'ஸௌந்தரராஜன்' என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்து, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தது. கல்லாவில் அவரே உட்கார்ந்திருப்பது போலவும், இன்னும் கொஞ்ச நேரத்தில் கைதுடைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார் போலவும் இருந்தது.

"செவ்வாயும் வெள்ளியும் வெளியூர்க் கடைகளுக்குத் தூள் போடப் போவார். அந்த ரெண்டு நாள்தான் ஆத்துல சாப்பாடு கிடையாது. மறுநாள் முதல் பஸ்ல வந்து இறங்கினா, என் கையால ஒரு காபி குடிச்சாத்தான் கடையைத் திறப்பார். ஊரெல்லாம் அவர் தூள்ல காபி குடிக்கும். அவருக்கு நான் கலந்தாத்தான் காபி."

கலீமுல்லா சட்டென்று எழுந்தார். "தோ, பிரிண்ட்டு வந்துட்டிருக்கும்" என்று உள்ளே போனவர், போன வேகத்திலேயே வேறு ஒரு படத்தோடு திரும்பினார். அதே ஸௌந்தரராஜன். பழுப்புச் சட்டை. சிக்கரி கேட்டவரைப் பார்க்கும் முகம். நெற்றியில் வளைந்து நின்ற வடகலை நாமம்.

"அதுக்குள்ளயா?"

"கம்ப்யூட்டர் மாமி."

"பிரேம் கூடவா?"

கலீமுல்லாவுக்கு இருமல் வந்தது.

மாமி மடியில் இருந்ததை மேசை மேல் வைத்துவிட்டு, புதுப் படத்தை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. "இவர்தான். இவரேதான்" என்று புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, படத்தைப் பையில் வைத்துக்கொண்டார். கலீமுல்லா நிம்மதியாக மூச்சு விட்டு, மேசை மேல் கிடந்த நீலச் சட்டைப் படத்தை ஒரு பேப்பரால் மெதுவாக மூடினார்.

வாசல் வரை போன மாமி திரும்பினார்.

"அந்தப் படம் பத்திரம் பாய். சாயந்திரம் வாலாஜாபாத்துலேர்ந்து அவ வாங்கிக்க வருவா. அவாத்துலயும் நாளைக்குத்தானே திவசம்."

கலீமுல்லா கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார். கம்ப்யூட்டர் மேல் பழி போட இனி எதுவும் மிச்சம் இல்லை.

"அவளை நான் மன்னிச்சுப் பதினெட்டு வருஷம் ஆச்சு" என்று படி இறங்கினார் மாமி. "ஆனா அவாத்துக்குன்னு நாமத்தையே மாத்திண்டிருக்கார் பாருங்கோ, இதை எப்படி பாய் மன்னிக்கறது?"